மைத்துனனுக்கு எழுதிய நிறுத்த ஆணை

பிப்ரவரி மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, மங்கரேஹு ஆற்றில் குழாய் போட்டிருந்த அறுபத்து மூன்று பேருக்கும் வட்டார கவுன்சிலிலிருந்து குறுஞ்செய்தி போனது. பாலத்தடியில் ஓட்டம் நொடிக்கு இரண்டாயிரத்து நானூறு லிட்டருக்குக் கீழே இறங்கிவிட்டது, அடுத்த செய்தி வரும்வரை பாசனத்துக்கு யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று.

அந்தச் செய்தி என் சமையலறையிலும் மணியடித்தது. என் கைபேசியில் அல்ல, என் மனைவி ஐல்சாவுடையதில். அவள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போய்ச் சோதனைக்குத் தண்ணீர் எடுப்பாள், சனிக்கிழமைகளில் பாலத்தடியில் நீந்துவாள். அதற்காக ஓட்டம் பற்றிய செய்திகளைக் கேட்டு வாங்கியிருந்தாள். டிசம்பர் நான்காம் தேதி இறந்துபோனாள். நோய் என்று தெரிந்ததிலிருந்து ஏழு வாரம்.

அந்தச் செய்தியை நிறுத்த, அலுவலகத்தில் எனக்கு நான்கு மேசை தள்ளி இருக்கும் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கைபேசியைச் சார்ஜில் போட்டே வைத்திருந்தேன்.

கவுன்சிலில் எனக்கு இருபத்திரண்டு வருடம். அனுமதிச்சீட்டில் சொன்னதை மீறி யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. அடக்கம் முடிந்த திங்கட்கிழமையே வேலைக்குப் போய்விட்டேன். யாராவது கேட்டால் பரவாயில்லை என்றேன். அது பொய்யும் இல்லை. வலிக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் உதடு தடித்துக் கிடக்குமே, அப்படி இருந்தது. தொட்டால் தொடுவது தெரியும், அது நம்முடையது என்று தெரியாது. ஊரார் கொண்டுவந்து வைத்த லசான்யாவும் கறி அடைத்த ரொட்டியும் ஃப்ரீசர் நிறைய இருந்தன. மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சூடாக்கித் தின்றேன். என்ன தின்றேன் என்று தட்டைக் கழுவும்போது சொல்ல முடியாது.

வியாழக்கிழமை காலை திரையைப் பார்த்தபோது அறுபத்திரண்டு கோடுகள் தரையோடு படுத்திருந்தன. ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றது. ஒவ்வொரு பம்பிலும் மீட்டர் உண்டு. கால் மணிக்கு ஒருமுறை அளவு எங்களுக்கு வந்துவிடும். நாற்பத்தொன்றாம் எண் பம்பு, நொடிக்கு முப்பத்தெட்டு லிட்டர். உரிமையாளர் ஃபிரேசர் லெய்ட்லா. ஐல்சாவின் அண்ணன்.

சொந்தக்காரரையோ நண்பரையோ விசாரிக்க வேண்டி வந்தால் எங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது. நிரப்பி மேலாளர் அனெட்டிடம் கொடுத்தால் வேறு ஆளை அனுப்புவாள். என்னைப் போல் இன்னொரு அதிகாரி கேரத் மட்டும்தான். அவன் விடுமுறையில் தெற்கே மலையேறப் போயிருந்தான். ஆனாலும் பக்கத்து கவுன்சிலிலிருந்து ஒருவரைக் கேட்டு வாங்க ஒரு நாள் போதும். படிவத்தைத் திறந்தேன். ‘உறவு’ என்று ஒரு கட்டம். ‘மனைவியின் அண்ணன்’ என்று எழுதினேன். மனைவி இல்லையே, பிறகு அவன் எனக்கு யார் என்று தோன்றியது. அழித்தேன். ‘இறந்த’ என்ற சொல்லை முன்னால் சேர்க்க விரல் போகவில்லை. கட்டம் காலியாகவே கிடந்தது. மூடிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

ஃபிரேசர் பம்பு கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் நாற்பது ஹெக்டேர் உருளைக்கிழங்கு. தெளிப்பான் வரிசை முழு வீச்சில் ஓடிக்கொண்டிருந்தது.

"வா. கவுன்சில் வண்டியப் பாத்ததுமே நெனச்சேன், ஒன்னைத்தான் அனுப்புவாங்கன்னு."

"யாரும் அனுப்பல. நானேதான் வந்தேன். பம்ப நிறுத்து, ஃபிரேசர்."

"டீ குடிக்கிறியா?"

"வேணாம்."

"ஏன், எங்க வீட்டு டீயும் இப்ப தடையா?"

அவன் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறி என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"பாரு. கோழிமுட்டை அளவு. இப்பதான் பருக்கிற நேரம். பத்து நாள் தண்ணி. பத்தே நாள். அப்புறம் நீ என்ன வேணா எழுதிக்க."

"கீழ சரளைக்குள்ள தண்ணி எறங்கிடும், ஆறு அறுந்துடும்."

"முப்பத்தெட்டு லிட்டர்லயா? மலையில மழை இல்ல, அதுக்கு நான் என்ன பண்ண? அந்த ரெண்டாயிரத்து நானூறு எங்கேருந்து வந்துச்சு, சொல்லு. எவனோ ஏசி ரூம்ல ஒக்காந்து போட்ட கணக்கு."

"நீயும்தான் அந்தக் கூட்டத்துல இருந்த. நாலு வருஷம் நடந்துச்சு. கீழ்க்கரைக்காரங்க மூவாயிரம் கேட்டாங்க, நீங்க ஆயிரத்தெண்ணூறு கேட்டீங்க. கடைசில இதுல வந்து நின்னுச்சு. நீயும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்ட."

"போட்டேன். மழை பெய்யிற வருஷத்துல போட்டேன்."

நான் வண்டியின் முன்பக்கத்தில் அட்டையை வைத்து எழுதத் தொடங்கினேன். அனுமதி எண், மீட்டர் அளவு, தேதி, நேரம். அவன் பக்கத்தில் வந்து நின்றான். அவன் சட்டையிலிருந்து டீசல் வாடை அடித்தது.

"திட்டேன்டா. சத்தம் போடு. எதாவது பண்ணு."

"எதுக்கு?"

"ஒனக்கு எதுவுமே ஒறைக்காதா? எந்தங்கச்சியக் குழில எறக்கறோம், நீ வாட்சைப் பாக்கற. ரோவீனாவும் பாத்தா. ஊரே பாத்துச்சு."

அவனும் அவன் மனைவி ரோவீனாவும் பார்த்தது உண்மைதான். மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். எதை அளந்தாலும் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்வது இத்தனை வருடப் பழக்கம். அன்றைக்கு வேறு எதை அளக்க நினைத்தேன் என்று தெரியவில்லை. இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். நிறுத்த ஆணையைக் கிழித்து அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைப் படிக்காமல் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கொட்டகைக்குள் போய் பம்பை நிறுத்தினான். தெளிப்பான்கள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கின. எங்கோ ஒரு வானம்பாடி கத்திக்கொண்டிருந்தது கேட்டது. நான் வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது அவன் கையில் இன்னும் அந்தச் செடி இருந்தது.

திங்கட்கிழமை அவனுடைய வக்கீலின் கடிதம் வந்தது. ஆணை எழுதிய அதிகாரி டங்கன் பெயர்ட் என் கட்சிக்காரரின் தங்கை கணவர், குடும்பத்தில் மனக்கசப்பு உண்டு, ஆகவே ஆணை நடுநிலையானதல்ல என்று ஒரே பக்கம்.

அனெட் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். நல்ல மேலாளர்.

"டங்கன், படிவம் ஏன் போடல?"

"தெறந்தேன்."

"தெறந்து?"

"மூடிட்டேன்."

அவள் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை மேசையில் மெதுவாக என் பக்கம் நகர்த்தினாள். நான் அதில் அச்சடித்திருந்த நீலப் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நான் எதாவது எழுதியாகணும், டங்கன். மறந்துட்டன்னு எழுதட்டுமா?"

"மறக்கல. தெரிஞ்சேதான் போடலன்னு எழுது."

"ஐயோ, மனுஷா. கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கயேன்."

"வீட்டுல இருந்து என்ன பண்ண?"

எங்கள் வக்கீல் சொன்னபடி என் ஆணை திரும்பப் பெறப்பட்டது. புது ஆணையை வேறு அதிகாரி நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். பக்கத்து கவுன்சிலிலும் அந்த வாரம் எல்லோரும் வெளியே இருந்தார்கள். அங்கேயும் அதே வறட்சி. கேரத் அடுத்த திங்கள்தான் வருவான். இதெல்லாம் எழுத்தில் ஃபிரேசருக்கும் போனது. தடை என்னவோ எல்லோருக்கும் போல அவனுக்கும் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஆணை இல்லை. செவ்வாய் மாலை நான்கேகாலுக்கு நாற்பத்தொன்றாம் எண் கோடு மறுபடி நிமிர்ந்தது.

புதன்கிழமை அவன் பக்கத்துப் பண்ணையின் கோடு. வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து. அவன் ஓட்டுகிறான், நான் மட்டும் ஏன் கருகவிட வேண்டும் என்று ஒருவர் அலுவலகத்துக்கே போன் செய்து கேட்டார். அனெட் எல்லோருக்கும் கடிதம் அனுப்பினாள், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினாள், அதற்கு வந்த பதில்களை நான் என் மேசையிலிருந்து கேட்டேன். பாலத்தடியில் ஓட்டம் இரண்டாயிரத்து நூறு, அப்புறம் ஆயிரத்துத் தொள்ளாயிரம். எண்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவை குறைவது எனக்குப் புரிந்தது, அவ்வளவுதான்.

வெள்ளி மதியம் கீழ்க்கரைப் பூர்வகுடியைச் சேர்ந்த கராரைனா என் மேசைக்கு போன் செய்தாள். ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே அவர்களுடைய மராயி என்னும் பொதுவளாகம் இருக்கிறது. கூடமும் சமையல் கொட்டகையும் அதன் பின்னால் அவர்கள் முன்னோர் படுத்திருக்கும் மேடும். அந்தப் பக்கத்து ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவள் குடும்பத்துக்கு. அதற்கு அரசிடமிருந்து அதிகாரச் சீட்டும் வைத்திருக்கிறாள்.

"ஆறு அறுந்துபோச்சு, டங்கன். குட்டை குட்டையா நிக்குது. விலாங்கெல்லாம் மாட்டிக்கிச்சு."

"அந்த விஷயத்துலேருந்து என்னை எடுத்துட்டாங்க, கரா."

"நான் என்ன, ஆணை எழுதவா கூப்பிட்டேன்? தொட்டி தூக்க ஆள் வேணும். கவுன்சில் கிடங்குல மீன் தொட்டி இருக்குமே, எடுத்துக்கிட்டு வா."

சனிக்கிழமை காலை பன்னிரண்டு தொட்டிகளும் ஈரச் சாக்குகளும் ஏற்றிக்கொண்டு போனேன். நான் இருபது வருடமாக அளந்த ஆற்றில் தண்ணீரைவிடக் கல்தான் அதிகம் தெரிந்தது. கணுக்கால் அளவுக் குட்டைகளில் சேறு தானாகக் கொதிப்பது போல் அசைந்தது. கிட்டப் போனால் அத்தனையும் விலாங்கு. பெருவிரல் தடிமனில் குட்டிகள், கை தடிமனில் கிழவிகள். அந்தக் கிழவிகளில் சில என் வயதைவிட மூத்தவை. ஓரத்தில் காய்ந்த கற்கள்மேல் செத்தவை கறுப்பு ரப்பர் குழாய் மாதிரிக் கிடந்தன. வாடை சாலைவரை அடித்தது.

காலணியைக் கழற்றினேன். கராரைனா இடுப்பில் கைவைத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

"எல்லாரும் பாத்துக்குங்க! கவுன்சில்காரரு தண்ணிக்குள்ள எறங்கிட்டாரு! தேதி குறிச்சு வைங்கப்பா!"

"தண்ணி எங்க இருக்கு எறங்க?" என்றார் அவள் கணவர் விரேமு. பெரிய உடம்பு, சேற்றில் முட்டி போட்டிருந்தார்.

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். விலாங்கைக் கையால் இறுக்கிப் பிடித்தால் நழுவும். அடியில் கைகொடுத்து, அது போகிற போக்கிலேயே தொட்டிக்குள் விட வேண்டும். முதல் அரைமணியில் எனக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. பிறகு பழகிவிட்டது. நிரம்பிய தொட்டிகளைச் சாக்கால் மூடி, வண்டியில் ஏற்றி, எட்டு கிலோமீட்டர் மேலே பள்ளத்தாக்கின் ஆழமான மடுவில் கொண்டுபோய் விட்டோம். திரும்பி வந்து மறுபடி. பிடித்ததை ஒரு பக்கமும் செத்ததை ஒரு பக்கமும் நான் கோடு போட்டு எண்ணினேன். யாரும் எண்ணச் சொல்லவில்லை.

மூன்றாவது நடை முடிந்து இறங்கும்போது கராரைனா என் எதிரில் குனிந்து ஒரு பெரிய கிழவியை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தாள்.

"ஆமா, ஐல்சா எங்க? இந்த மாதிரின்னா பசங்களையெல்லாம் இழுத்துக்கிட்டு மொத ஆளா வந்துருப்பாளே. ஸ்கூல்ல வேலையா?"

மேலே ஊரில் எல்லோருக்கும் தெரியும். மருத்துவமனையே சொல்லிவிட்டது, பள்ளி சொல்லிவிட்டது, செய்தித்தாளில் ஃபிரேசர் போட்டான். யாரிடமும் நான் சொல்ல வேண்டி வரவில்லை. பன்னிரண்டு வாரத்தில் அந்த வாக்கியம் என் வாயிலிருந்து ஒருமுறைகூட வரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"செத்துட்டா," என்றேன். "டிசம்பர்ல."

கராரைனா அப்படியே நின்றாள். விலாங்கு அவள் கையிலிருந்து வழுக்கிச் சேற்றில் விழுந்து போயிற்று. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"எங்களுக்கு யாரும் சொல்லலியே."

"நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்." அவள் குரலில் கோபம்தான் இருந்தது. "நாங்க வந்து அழுதிருப்போம். ஒனக்கு வரலன்னா என்ன, எங்களுக்கு வருமே!"

சேற்றுக் கையாலேயே என் கழுத்தைப் பிடித்து இழுத்து, அவர்கள் முறையில் நெற்றியோடு நெற்றி, மூக்கோடு மூக்கு வைத்து அழுத்தினாள். நெடுநேரம் விடவில்லை. அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. பிறகு விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்துத் தன் மொழியில் ஏதோ சொன்னாள். ஐல்சாவின் பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. விரேமு தொப்பியைக் கழற்றினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அடுத்த குட்டைக்குப் போனோம், ஏனென்றால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

மதியம் சமையல் கொட்டகையில் நீண்ட மேசையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். ஆட்டெலும்பும் நீர்க்கீரையும் சேர்த்து வேகவைத்தது, எண்ணெயில் பொரித்த ரொட்டி. எனக்கு எதிரில் ஒரு பெண், முன்பு ஐல்சாவிடம் படித்த பிள்ளையின் தாயாம், சாப்பிடாமல் உரக்க அழுதுகொண்டிருந்தாள். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே மழை பெய்வதைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கராரைனா என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். கீரை கொஞ்சம் கசந்தது. எலும்பில் உப்பு கூட. இரண்டும் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு முன்னூற்றுப் பதினேழு உயிரோடு எடுத்தோம். நூற்று நாற்பத்திரண்டு செத்திருந்தன. எண்ணாமல் விட்டது எத்தனையோ.

திங்கட்கிழமை கேரத் வந்து ஐந்து பேருக்கும் ஆணை எழுதினான். பம்புகள் நின்றன. அதற்கடுத்த வாரம் மலையில் மழை பிடித்து ஆறு மறுபடி ஒன்றாக ஓடியது. ஃபிரேசருக்குத் தேவைப்பட்ட பத்து நாளில் ஏறக்குறைய எட்டு நாள் கிடைத்துவிட்டது. அவன் கிழங்கு தேறிவிட்டது. அவன்மேலும் மற்ற நால்வர்மேலும் கவுன்சில் வழக்குப் போட்டது. எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. விதிமீறல் வேலையிலிருந்து எடுத்து, ஆழ்துளைக் கிணறுகளின் நீர்மட்டம் பார்க்கப் போட்டார்கள். ஒரு நாளைக்குப் பதினான்கு கிணறு. நாடாவை உள்ளே விட்டு, நனைந்த இடத்தைப் பார்த்து எழுத வேண்டும். யாரோடும் பேச வேண்டியதில்லை. அது எனக்குச் சரியாக இருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் மாலை ஃபிரேசர் என் வீட்டு வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தினான். இறங்கினான், ஆனால் கதவைத் திறக்கவில்லை. நான் வெளியே போனேன்.

"வக்கீல் யோசனை ரோவீனாவோடது," என்றான்.

"கையெழுத்து?"

"என்னோடது." வேலிக் கம்பியைக் கையால் ஆட்டினான். "எத்தனை செத்துச்சு?"

"நூத்தி நாப்பத்திரெண்டு. எண்ணினது."

"நீ அங்க போயிருந்தியாமே. கராரைனாவோட வீட்டுக்காரர் கடையில பாத்தப்ப சொன்னாரு. சண்டைக்கு வருவாருன்னு நெனச்சேன். சொல்லிட்டு மாவு மூட்டையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு." வேலிக் கம்பியை விட்டுவிட்டு, "ஐல்சா இருந்திருந்தா என்னைக் கொன்னுருப்பா."

"ஆமா."

"நீயாவது இல்லன்னு சொல்லக் கூடாதா?"

"இல்லன்னு சொன்னா நம்புவியா?"

அவன் மூக்கால் சிரித்தான். அழுவது போலவும் இருந்தது. உள்ளே வரச் சொல்லியிருக்கலாம். கெட்டில் அடுப்பில்தான் இருந்தது. நான் கூப்பிடவில்லை, அவனும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

ஆகஸ்டில் கவுன்சில் கூடத்தில் ஆற்றின் குறைந்தபட்ச ஓட்டத்தைப் பற்றிய மறுபரிசீலனை தொடங்கியது. முடிய இன்னும் மூன்று வருடமாவது ஆகும். எனக்கு அங்கே வேலை இல்லை. கிணறுகளை மதியத்துக்குள் முடித்துவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் ஒரு பக்கம் விவசாயிகள். ஃபிரேசர் இஸ்திரி போட்ட சட்டையில் முழங்காலில் ஃபைல் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தான். இன்னொரு பக்கம் கீழ்க்கரைக்காரர்கள்.

கராரைனா முதலில் எழுந்தாள். எண்களுக்குப் போவதற்கு முன், அவர்கள் வழக்கப்படி, சென்ற கூட்டத்துக்குப் பிறகு இறந்துபோனவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தாள். அவளுடைய மாமா ஒருவர். படகுக்காரர் ஒருவர். நான்காவதாக, ஐல்சா பெயர்ட், இந்த ஆற்றில் நீந்தியவள், போய் வா, போய் வா என்றாள்.

ஃபிரேசர் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பின்கழுத்து சிவந்துபோவது எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து வெளியே வந்தேன். நடைபாதையில் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முட்கள் கலங்கித் தெரிந்தன, மணி படிக்க முடியவில்லை. அனெட் எதிரே வந்தாள், பார்த்தாள், பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்து தன் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

மணி படிக்க முடிந்தபின் உள்ளே திரும்பிப் போனேன். ஃபிரேசர் பேசிக்கொண்டிருந்தான். ஆயிரத்தெண்ணூறு போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தான், குரல் சரியாக வரவில்லை. தலைவர் அவனைக் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசச் சொன்னார். குடித்தான். பேசினான்.